பரணில் கிடக்கும் செயின்சா: கேள்வி பதில்

பழைய செயின்சாவை அடையாளம் காண்பது பற்றி கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பழுது பார்ப்பவனாக என் பதில்கள்.

பண்ருட்டியிலிருந்து: அண்ணே, 2011 தானே புயலில் சாய்ந்த முந்திரியை எல்லாம் அப்பா அறுத்த மெஷின் பரணில் கிடக்கிறது. ஸ்டிக்கர் போய்விட்டது. ஒருவர் ஸ்டில் என்ற ஜெர்மன் கம்பெனியின் 070 மாடல் என்கிறார், இன்னொருவர் சைனா நகல் என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

கவரையும் பெயின்ட்டையும் நம்பாதீர்கள் தம்பி, இரண்டும் கைமாறும்போதெல்லாம் மாறும். கவரைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் அழுக்கை எடுத்துவிட்டு காஸ்டிங்கின், அதாவது வார்ப்பு உடம்பின், உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். 070, 090 இரண்டின் பாக எண்களும் 1106 என்று தொடங்கும். 070 என்றால் 106 சிசி, 090 என்றால் 137 சிசி. ஆனால் எண்ணையும் நகல் எடுத்துவிடலாம். அதனால் விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு அப்படியே நின்று, எழுத்தும் மழுங்கியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அதற்கும் முன்னால் அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். யாரிடம் வாங்கினார், புதிதா பழையதா, சிலிண்டர் மாற்றினாரா, எந்தப் பட்டறையில். ஒரிஜினல் உடம்பில் நகல் சிலிண்டர் ஏறியிருந்தால் அவர் ஞாபகம்தான் சாட்சி. சொன்னதைத் தேதி போட்டு எழுதி மெஷினோடு கட்டி வையுங்கள். ஸ்டிக்கரை விட அந்தத் தாளுக்குத்தான் நான் மதிப்பு தருவேன்.

வில்லியனூரிலிருந்து: மரவாடியில் ஒரு பழைய மெஷின், பெயரே இல்லை. வயதையாவது சொல்ல முடியுமா ஐயா?

தோராயமாகச் சொல்லலாம். செயினுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கியர் இருந்தால் பெரும்பாலும் ரொம்பப் பழசு. ஸ்டில் தன் கியர் இல்லாத கான்ட்ரா மாடலை 1959இல் கொண்டுவந்தது, மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். மேக்னெட்டுக்கு அடியில் பாயின்ட் செட் (பிளக்குக்குத் தீப்பொறி தரும் பழைய வகை தொடு முனைகள்) இருக்கிறதா, செயினுக்கு எண்ணெய் விடக் கட்டைவிரலால் அழுத்தும் பட்டன் இருக்கிறதா பாருங்கள், இவையும் பழசின் அடையாளம். ஓடும் செயினைச் சட்டென நிறுத்தும் செயின் பிரேக் பரவியது 1970களில்தான். பிரேக் இல்லை என்பதை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள், 070 மாதிரி மெஷின்கள் பிறகும் பிரேக் இல்லாமலே வந்தன.

நெல்லிக்குப்பத்திலிருந்து: எந்த அளவு செயின் வாங்குவது?

அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து இரண்டால் வகுங்கள். 9.5 மில்லிமீட்டர் வந்தால் 3/8 அங்குலச் செயின், 10.3 வந்தால் .404 அங்குலச் செயின். டிரைவ் லிங்கின் (பாரின் பள்ளத்தில், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின் பள்ளத்தில், இறங்கும் கண்ணி) கனத்தையும் எண்ணிக்கையையும் கடையில் சொல்லுங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து: காஸ்டிங்கில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கிரைண்டர் போடலாமா?

வேண்டவே வேண்டாம். பழைய மெஷின்களின் உடம்பு பெரும்பாலும் மெக்னீசியம் கலவை. உப்புக் காற்றில் அது அப்படித்தான் பூக்கும். அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும். நைலான் பிரஷால் தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடையுங்கள், போதும்.

பாகூரிலிருந்து: ஸ்டார்ட் ஆகிறது, இதில் தென்னை அறுக்கலாமா?

ஓடவிட்டுச் சத்தம் கேளுங்கள், அறுக்க வேண்டாம். பாரின் நுனி மேல்பக்கம் மரத்தில் இடித்தால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். பழைய மெஷின் என்றால் அப்போது செயினை நிறுத்த அதில் பிரேக் இல்லாமல் இருக்கலாம். ஓடவிடும்போது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றுங்கள். நிறுத்திய பிறகு டேங்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு வையுங்கள்.