ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கேன்: ரேடியாலஜி டாக்டரின் பதில்கள்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி: கால்பந்து ஆடி முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்து, அதற்குப் பதிலாகத் தொடைத் தசைநாணை எடுத்து வைத்தார்கள் (அதுதான் கிராஃப்ட்). 7 மாதம் ஆகிறது. கால் நன்றாகத்தான் இருக்கிறது. சும்மா ஒரு நிம்மதிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தேன், கிராஃப்ட்டில் சிக்னல் அதிகம் என்று ரிப்போர்ட். மறுபடி கிழிந்துவிட்டதா மேடம்?

நிம்மதிக்கு எடுத்த ஸ்கேன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது, பாருங்கள். எம்.ஆர்.ஐ.யில் நல்ல தசைநாண் கறுப்பாகத் தெரியும். வைத்த புதிதில் கிராஃப்ட்டும் அப்படித்தான். அப்புறம் அதற்குள் ரத்தக்குழாய் வளர்ந்து, அது மெல்ல ஜவ்வாக மாறுகிற மாதங்களில் சாம்பல் நிறம் காட்டும். அதைத்தான் சிக்னல் அதிகம் என்று எழுதுகிறோம். 2 வருடத்துக்குள் பெரும்பாலும் பழையபடி கறுத்துவிடும். கிழிசல் என்று நான் எழுத வேண்டுமானால் நார் தொடர்ச்சி விட்டுப்போயிருக்க வேண்டும், அந்த இடத்தில் நீர் வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஸ்கேனுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொடுங்கள். ஆபரேஷன் தேதி தெரியாமல் ரிப்போர்ட் எழுதுவது எங்களுக்கும் கஷ்டம்.

இன்னொன்று, இந்தச் சாம்பல் காலத்தில் கிராஃப்ட்டுக்கு முழு பலம் கிடையாது. 9 மாதத்துக்கு முன் மைதானத்தில் இறங்காதீர்கள். அதற்குப் பிறகும் பிசியோ சோதித்துச் சரி என்று சொன்னால்தான்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: கிராஃப்ட்டைப் பிடித்து வைக்க உள்ளே ஸ்க்ரூ இருக்கிறதே, எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்தம் இழுக்காதா?

டைட்டானியம் என்றால் இழுக்காது. படத்தில்தான் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்புத் திட்டு விழும். 3 டெஸ்லா மெஷினைவிட 1.5 டெஸ்லா மெஷினில் (டெஸ்லா என்பது காந்த பலத்தின் அளவு) இந்தத் தொல்லை குறைவு. உள்ளே போகுமுன் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா: மகள் கபடி வீராங்கனை. ஆபரேஷன் முடிந்து 5 மாதம். என்ன பயிற்சி செய்தாலும் காலை முழுதாக நீட்ட வரவில்லை, டக்கென்று சத்தம் வேறு.

இவருக்கு எம்.ஆர்.ஐ. அவசியம் அம்மா. கிராஃப்ட்டுக்கு முன்னால் நார்த்திசு உருண்டு நின்று, கதவிடுக்கில் சிக்கிய துணிபோல நீட்டவிடாமல் தடுக்கும். சைக்ளாப்ஸ் என்பார்கள், ஒற்றைக்கண் அரக்கனின் பெயர். ஆர்த்ராஸ்கோப்பில், அதாவது மூட்டுக்குள் விடும் சிறு கேமராவில் பார்த்தால் கண் மாதிரியே இருக்கும். புற்றுநோய் இல்லை, பயப்படாதீர்கள். சிறு துளை வழியாகவே எடுத்துவிடலாம். பக்கவாட்டு எக்ஸ்ரேயும் எடுங்கள்: முழங்கால் கீழெலும்பில் கிராஃப்ட்டுக்கான துளையை அதிகம் முன்னால் போட்டிருந்தாலும் கிராஃப்ட் இடித்து இதே தொல்லை வரும்.

அண்ணாநகரிலிருந்து ஒருவர்: கிராஃப்ட் அறுந்துவிட்டது. மறு ஆபரேஷனுக்கு முன் சி.டி. கேட்கிறார்கள். எம்.ஆர்.ஐ. போதாதா?

போதாது சார். முதல் ஆபரேஷனில் எலும்பில் போட்ட துளை எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது சி.டி.யில்தான் துல்லியமாகத் தெரியும். ரொம்ப அகன்றிருந்தால் முதலில் எலும்பு வைத்து அடைத்து, அது கூடிய பிறகுதான் புது கிராஃப்ட். ஒரே ஆபரேஷனா இரண்டா என்று உங்கள் டாக்டர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.