மிஸ்டரி ஷாப்பிங்: 120 ராண்ட் கூலியில் கையில் நிற்பது எவ்வளவு?

கேள்வி: வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள். நாங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம், பழைய போலோ கார் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு எனக்குக் காலை நேரம் சும்மாதான் போகிறது. மிஸ்டரி ஷாப்பிங், அதாவது சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குப் போய், சேவை எப்படி என்று பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கும் வேலை செய்யலாம் என்று இரண்டு கம்பெனிகளில் விசாரித்தேன். ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. 350 ராண்ட் பயிற்சிக் கட்டணம் கட்டினால் மறுநாளே வேலை என்கிறார்கள். இன்னொன்று பணம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உம்லாங்காவில் உள்ள கேட்வே மாலில் ஒரு உணவகத்துக்குப் போய் வர, சாப்பாட்டுக் காசைத் தவிர 120 ராண்ட்தான், அதுவும் 60 நாள் கழித்துத்தான் என்கிறது. எதை நம்பலாம், அக்கா?

பதில்: முதல் கம்பெனியை இன்றைக்கே விட்டுவிடுங்கள் தங்கச்சி. இரண்டாவது நம்பத் தகுந்ததாகத்தான் தெரிகிறது. ஆனால் நம்பத் தகுந்த கம்பெனி வேறு, நமக்குக் கட்டுப்படியாகிற கம்பெனி வேறு. நான் டர்பனில் பதினோரு வருஷம் இந்த வேலை செய்தேன், அதில் கடைசி மூன்று வருஷம் மற்றவர்கள் அனுப்பும் அறிக்கைகளைச் சரிபார்க்கும் மேசையில். என்னை ஏமாற்றியவர்கள் குறைவு. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டே என்னை நஷ்டத்தில் விட்டவர்கள்தான் அதிகம்.

அந்த 120 ராண்டையே எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டிலிருந்து கேட்வே போக வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பழைய போலோ நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். லிட்டர் 22 ராண்ட் என்றால் 105 ராண்ட் பெட்ரோலுக்கே போயிற்று. மிச்சம் 15. மால் பார்க்கிங்குக்கு அதிலிருந்து கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக் காசைத் திருப்பித் தருவார்கள், ஆனால் ஒரு உச்ச வரம்பு வரைக்கும்தான். பரிமாறிய பையனுக்குக் கொடுக்கும் டிப் அந்த வரம்புக்குள் வருமா என்று கேட்டீர்களா? பல கம்பெனிகளில் வராது.

இது பெட்ரோல் மட்டும். டயர், சர்வீஸ், காரின் தேய்மானம் எல்லாம் சேர்த்துப் பார்க்க ஒரு அளவுகோல் இருக்கிறது. வேலைக்காகச் சொந்தக் கார் ஓட்டும் ஊழியருக்கு முதலாளி திருப்பிக் கொடுக்க, 2025 மார்ச்சில் தொடங்கிய வரி ஆண்டுக்கு தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் வைத்த விகிதம் கிலோமீட்டருக்கு 4.76 ராண்ட். 60 கிலோமீட்டருக்கு 285 ராண்ட் வருகிறது. நம்முடைய பழைய காருக்கு அவ்வளவு ஆகாது என்றே வைத்தாலும், 120 ராண்டில் அந்தப் பயணம் அடங்காது என்பது தெரிகிறதல்லவா?

அடுத்தது நேரம். போய் வர ஒன்றேகால் மணி, உணவகத்தில் ஒரு மணி. கம்பெனி அனுப்பும் குறிப்புகளைப் படிக்க அரை மணியாவது வேண்டும், அதைப் படிக்காமல் போனவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அறிக்கை எழுத முதல் முறை இரண்டு மணி ஆகும். மொத்தம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட். நீங்கள் ஒப்பந்தக்காரர் என்பதால் அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, கம்பெனியும் அதைத்தான் முதலில் சொல்லும். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் வேண்டுமே. ஐந்து மணிக்கு 144 ராண்ட். உங்கள் கையில் நிற்பது ஐந்தோ பத்தோ.

இதே வேலை, எப்படியும் அன்றைக்கு உம்லாங்கா பக்கம் போகிற ஒருவருக்கு நல்ல வேலை. ஓசியில் மதியச் சாப்பாடு, கூடவே 120 ராண்ட். அதனால் ஒரு கம்பெனியை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது, அதன் வேலைகள் என் வழக்கமான பாதையில் விழுகின்றனவா என்பதைத்தான். சாட்ஸ்வொர்த் சென்டர், பெவிலியன் மால், நீங்கள் வாராவாரம் பெட்ரோல் போடும் காரேஜ் என்று அருகிலேயே வேலை வைத்திருக்கிற கம்பெனி 70 ராண்ட் கொடுத்தாலும் போதும். உம்லாங்காவிலும் பாலிட்டோவிலும் மட்டுமே வேலை வைத்திருக்கிற கம்பெனி 200 கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். பெட்ரோல் விலை மாதாமாதம் முதல் புதன்கிழமை மாறும், கம்பெனியின் விலைப்பட்டியல் வருஷக் கணக்கில் மாறாது.

கேட்டுப் பார்க்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மாதக் கடைசியில் ஆள் கிடைக்காத வேலைகள் தேங்கி நிற்கும். கடைக்காரரிடம் ஒத்துக்கொண்ட எண்ணிக்கையை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரம் கம்பெனிக்கு. 25ஆம் தேதிக்கு மேல் "பெட்ரோலுக்கு 80 சேர்த்துக் கொடுத்தால் போகிறேன்" என்று வேலை ஒதுக்குபவருக்கு ஒரு மெயில் போடுங்கள். பாதி நேரம் ஒத்துக்கொள்வார்கள். ஒரு ராண்ட்கூட ஏற்ற மாட்டோம் என்று எப்போதும் சொல்லும் கம்பெனியில் நான் நீடித்ததில்லை.

சரி, வேலை எப்படி இருக்கும்? என் முதல் வேலை ஐசிபிங்கோவில் ஒரு காரேஜ். இந்த நாட்டில் சட்டப்படி நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ள முடியாது, பம்பில் ஆள் இருப்பார். கண்ணாடி துடைக்கட்டுமா என்று கேட்டாரா, ஆயிலும் தண்ணியும் பார்க்கட்டுமா என்று கேட்டாரா, பம்ப் பூஜ்யத்தில் நிற்கிறது என்று காட்டினாரா, வண்டி நின்று எத்தனை நொடியில் வந்தார், சட்டையில் பெயர் என்ன? இத்தனையும் பார்த்து, கையில் பேனா இல்லாமல், முகத்தில் எதுவும் தெரியாமல், நினைவில் வைத்துக்கொண்டு வர வேண்டும். அன்று மழை. அந்தப் பையன் பெயர்ப் பட்டைக்கு மேல் மழைக்கோட்டு போட்டிருந்தான். பெயரைக் கேட்டால் சந்தேகம் வரும் என்று விட்டுவிட்டேன். அறிக்கையில் "மழைக்கோட்டு மறைத்தது, உயரமானவர், இடது கையில் சிவப்புக் கயிறு" என்று எழுதினேன். ஆறு வாரம் கழித்து, பெயர் இல்லாததால் அறிக்கை நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி மெயில். பெட்ரோல் காசும் கிடைக்கவில்லை.

பெயர் இல்லாததைப் பிழை என்று சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாளே சொல்லியிருந்தால் திரும்பப் போய் வந்திருப்பேனே. பிற்பாடு நான் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்தபோது புரிந்தது: ஒழுங்கான கம்பெனியில் அறிக்கை இரண்டு மூன்று நாளுக்குள் படிக்கப்படும், சந்தேகம் இருந்தால் ஒரு கேள்வியோடு திரும்பி வரும். "வரிசையில் நான்கு நிமிடம் என்கிறீர்கள், பில் ஸ்லிப்பில் உள்ள நேரத்தோடு ஒத்துப்போகவில்லையே" என்று கேட்பவர் இருந்தால் அது நல்ல கம்பெனி. கேள்வியே கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் நிராகரிக்கிற இடத்தில் உங்கள் உழைப்புக்கு உத்தரவாதம் இல்லை. இதை முன்கூட்டியே சோதிக்க ஒரு வழி: வேலை எடுப்பதற்கு முன் குறிப்பில் புரியாத ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். "பணியாளர் பெயர்ப் பட்டை அணியாவிட்டால் என்ன செய்வது?" என்பதே போதும். ஒரு நாளில் தெளிவான பதில் வந்தால் மேலே போகலாம். பதிலே வராவிட்டால் பணம் விஷயத்திலும் அப்படித்தான் இருப்பார்கள்.

டில் ஸ்லிப்பைக் கடையை விட்டு வெளியே வந்ததும் போட்டோ எடுத்துவிடுங்கள். டர்பன் வெயிலில் கார் டாஷ்போர்டில் கிடந்தால் அந்தக் காகிதத்தில் எழுத்து மங்கிப் போய்விடும்.

இனி அந்த 350 ராண்ட். வேலை தேடுபவரிடம் வேலைக்கு ஏற்பாடு செய்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2014ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டமே சொல்கிறது. "இது வேலை இல்லை, ஒப்பந்தம், இது கட்டணம் இல்லை, பயிற்சி" என்று அவர்கள் சுற்றி வளைப்பார்கள். வளைக்கட்டும். இந்தத் தொழிலில் காசு கடைக்காரரிடமிருந்து கம்பெனிக்கு வந்து, கம்பெனியிடமிருந்து நமக்கு வருகிறது. எதிர்த்திசையில் காசு ஓட எந்தக் காரணமும் கிடையாது. கம்பெனிப் பதிவு எண்ணைக் காட்டினார்களா? கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சிஐபிசியின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பெயர் ஒதுக்க 50, பதிவுக்கு 125, ஆக மொத்தம் 175 ராண்டில் யாரும் இங்கே ஒரு கம்பெனி தொடங்கிவிடலாம். உங்களிடம் கேட்பதில் பாதிதான். நல்ல கம்பெனியின் பெயரை அப்படியே திருடிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அதனால் வாட்ஸ்அப்பில் வந்த எண்ணுக்குப் பேசாமல், அந்தக் கம்பெனியின் சொந்த வலைத்தளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசிக் கேளுங்கள்.

வெளிநாடுகளில் இந்தத் தொழிலின் பெயரில் நடக்கும் பழைய மோசடி போலிச் செக். இங்கே 2020 டிசம்பரோடு செக்கே ஒழிந்துவிட்டது, அதனால் மோசடியும் உருமாறிவிட்டது. "உங்கள் கணக்கில் 3,000 ராண்ட் போட்டுவிட்டோம், இதோ ப்ரூஃப் ஆஃப் பேமென்ட். கடையில் வவுச்சர் வாங்கி, கவுன்டர் சேவை எப்படி என்று பார்த்து, வவுச்சர் பின் நம்பரை எங்களுக்கு அனுப்புங்கள்" என்பார்கள். அந்தத் தாள் வெறும் படம். உங்கள் வங்கிச் செயலியில் பணம் ஏறியிருப்பதை நீங்களே பார்க்காதவரை ஒரு சதம்கூட வரவில்லை என்று அர்த்தம். பின் நம்பரை அனுப்பினால் போனது போனதுதான். கம்பெனிக்கு உங்கள் அடையாள எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் தேவைப்படும், அது நியாயம். கார்டின் பின்னாலிருக்கும் மூன்று இலக்கமும் ஓடிபியும் எதற்கும் தேவையில்லை.

அறுபது நாள் என்பதற்கு வருவோம். இந்தத் தொழிலில் அது அசாதாரணம் இல்லை, முப்பது நாளில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எந்தத் தேதியிலிருந்து அறுபது நாள் என்று மட்டும் கேளுங்கள். வேலை செய்த நாளிலிருந்தா, அந்த மாதக் கடைசியிலிருந்தா? 2ஆம் தேதி செய்த வேலைக்கு மாதக் கடைசியிலிருந்து எண்ணினால் மூன்று மாதம் ஆகிவிடும். அதுவரை சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் கொடுத்தது உங்கள் கைக்காசு. வீட்டில் வருமானம் குறைந்திருக்கும் நேரத்தில் கிரெடிட் கார்டில் தேய்த்து நாலைந்து உணவக வேலைகளை எடுத்தால் வட்டியே கூலியைத் தின்றுவிடும். உங்கள் நிலையில், முன்பணம் போடத் தேவையில்லாத வேலைகளே சரி: தொலைபேசியில் விசாரிப்பது, கடையில் விலை கேட்டு வருவது, வங்கியில் வரிசை நேரம் பார்ப்பது. வங்கி வேலையில் ஒரு எச்சரிக்கை. கடனுக்கு விண்ணப்பம் போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த விசாரணை உங்கள் கிரெடிட் பதிவில் ஏறிவிடும்.

கார் இன்ஷூரன்ஸ் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமா என்று புரோக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் சிலர் கணவரின் வேலை விசாவோடு தமிழ்நாட்டிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு வந்தவர்களாக இருக்கலாம். துணைவர் விசாவில் பொதுவாக வேலை செய்ய அனுமதி கிடையாது, ஒப்பந்த வேலை என்பதால் தப்பிக்க முடியாது. வரி விஷயம், இந்த வருமானமும் வருமானம்தான். 65 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு 2026 பிப்ரவரியில் முடிந்த வரி ஆண்டில் 95,750 ராண்ட் வரை வரி இல்லை, இந்த வேலை மட்டும் என்றால் அதைத் தொட மாட்டீர்கள். இருந்தாலும் எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லாபமா நஷ்டமா என்று உங்களுக்கே தெரிய வேண்டாமா?

இரண்டாவது கம்பெனியில் சேருங்கள், கேட்வே வேலையை எடுக்காதீர்கள். சாட்ஸ்வொர்த்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு, சின்னதாக ஒன்றை எடுங்கள். அதற்கான பணம் கணக்கில் ஏறும்வரை அவர்களிடம் அடுத்த வேலை எடுக்காதீர்கள். காத்திருக்கும் நேரத்தில் இன்னும் இரண்டு கம்பெனிகளில் இதே போல ஒவ்வொரு வேலை செய்து பாருங்கள். மூன்று பேரில் யார் நிலைப்பார்கள் என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். புரட்டாசி விரதம் இருக்கிற வீடு என்றால் பதிவு செய்யும்போதே அசைவம் வேண்டாம் என்று குறித்துவிடுங்கள். கட்டாயம் பர்கர் ஆர்டர் செய்ய வேண்டும் என்று குறிப்பில் இருக்க, நீங்கள் காய்கறி சாலட் வாங்கி வந்தால் அறிக்கை செல்லாது. எனக்கு அதுவும் நடந்திருக்கிறது.

பணம் வராமலே போனால், பதினான்கு நாள் கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ராண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, வரவும் அனுமதியில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் உள்ள எழுத்தரே படிவம் நிரப்ப உதவுவார். வேலை ஒதுக்கிய மெயில், அறிக்கை அனுப்பிய தேதி, ஸ்லிப் போட்டோ மூன்றும் கையில் இருக்க வேண்டும்.