கண், காதை எல்லாம் அடைத்துக்கொண்டு இருட்டில் இருந்து பார்த்தவர்கள் உண்டா? உண்மையில் என்ன நடக்கும்?

நான் இருந்து பார்த்திருக்கிறேன், திருகோணமலையில், எங்கள் உவர்மலை வீட்டுச் சாமான் அறையில். முழு அமைதி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளிச்சத்தம் நின்றதும் உள்சத்தம் தொடங்கிவிடும்.

காலம் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. மாரியில் கடல் இரைச்சல் அறைவரை வரும். ஆடி, ஆவணியில் ஃபேன் இல்லாமல் படுத்தால் வேர்வை ஊறுவதைத் தவிர வேறு நினைப்பே வராது. பகலில் காகமும் பாண் விற்கும் ஆட்டோவின் பாட்டும் விடாது. அதனால் பங்குனியில் ஒரு நடு இரவு. கறுப்புத் துணியை நாலாக மடித்துக் கண்ணைக் கட்டி, காதுக்குள் நுரை அடைப்பான் வைத்து, கைகளில் தடித்த காலுறை மாட்டிக்கொண்டு மெத்தையில் கிடந்தேன். அக்கா விறாந்தையில் இருந்தா.

முதலில் கேட்டது எச்சில் விழுங்கும் சத்தம். இவ்வளவு பெரிய சத்தமா என்று திகைத்தேன். கழுத்தைத் திருப்பினால் நறநறவென்றது. காதை அடைத்தால் வெளிச்சத்தம் குறையும். ஆனால் எலும்பு வழியாகக் காதுக்கு வரும் உடம்புச் சத்தம் வெளியேற வழியில்லாமல் கூடிவிடும். பிறகு சில்வண்டு கத்துவதுபோல மெல்லிய இரைச்சல். அதற்குப் பயப்பட வேண்டாம். 1953இல் ஹெல்லர், பேர்க்மன் என்ற ஆய்வாளர்கள் செவிப்புலன் சரியாக உள்ள 80 பேரைச் சத்தம் புகாத அறையில் இருத்தியபோது, 94 வீதமானோர் இப்படி ஏதோ ஒன்று கேட்பதாகச் சொன்னார்கள்.

கண்ணில் வந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. இருட்டு கறுப்பாக இல்லை, சாம்பல். அதில் புள்ளிகள் வந்தன. புள்ளிகள் சேர்ந்து கட்டங்களாகி மெல்ல இடப்பக்கம் நகர்ந்தன. கனடாவில், மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1950களின் தொடக்கத்தில் உளவியலாளர் டொனால்ட் ஹெப்பின் குழு, நாளுக்கு 20 டொலர் கொடுத்து மாணவர்களைக் கிட்டத்தட்ட இப்படிக் கிடத்தியது; முழு இருட்டில்லை, உருவம் எதுவும் தெரியாத மங்கல் கண்ணாடி மாட்டி. அவர்களுக்கும் புள்ளி, கோடு என்றுதான் தொடங்கியது. பிறகு ஒருவருக்குத் தோளில் சாக்கு சுமந்த அணில்கள் வரிசையாக நடந்துபோயின! அந்தக் காலத்துக்கு நல்ல காசு, ஆனாலும் பெரும்பாலானோர் சில நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. வெளியிலிருந்து எதுவும் வராவிட்டால் மூளை தானாகவே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது.

கொஞ்ச நேரம்தான் என்று நினைத்து எழும்பினேன். "ஒரு மணித்தியாலம் தாண்டிட்டுது" எண்டா அக்கா.

எனக்கு நன்றாகவே இருந்தது, ஆனால் எல்லோருக்கும் சொல்லமாட்டேன். பங்கருக்குள் இருட்டில் குந்தியிருந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். சத்தம் நின்றால் அடுத்த ஷெல் எங்கே விழும் என்று எண்ணிப் பழகியவர்கள் அவர்கள். என் அம்மா இன்றைக்கும் ரேடியோவை நிற்பாட்டாமல்தான் படுப்பா. அவவை இதற்கு நான் கூப்பிடவே மாட்டேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது மனதில் இருந்தால் வேண்டாம். இல்லையென்றால் அரை மணித்தியாலத்தோடு தொடங்குங்கள். கதவைப் பூட்டாதீர்கள், நீங்கள் நம்பும் ஒருவர் வெளியே இருக்கட்டும்.