2016 தாய் லீக்: மூன்று ஆட்டம் குறைவது பிழை இல்லை

தாய்லாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான தாய் லீக் பற்றி நீங்கள் தொகுக்கும் எக்செல் அட்டவணையில் 2016 சீசனுக்கு மட்டும் அணிக்கு 34-க்குப் பதில் 31 ஆட்டம் வருகிறது, தரவிறக்கம் பாதியில் நின்றுவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, தரவு சரிதான். அக்டோபர் 13 அன்று தாய்லாந்து மன்னர் பூமிபோல் காலமானார், நாடே துக்கத்தில் இருந்தது, அதனால் கால்பந்துச் சங்கம் மீதி மூன்று சுற்றுகளை ரத்து செய்துவிட்டு அப்போதைய நிலவரத்தையே முடிவாக அறிவித்தது. முவாங்தோங் யுனைடெட் 80 புள்ளி, பாங்காக் யுனைடெட் 75. ஐந்தே புள்ளி வித்தியாசம், வெற்றிக்கு மூன்று வீதம் இன்னும் ஒன்பது புள்ளி பாக்கி, பாங்காக் ரசிகருக்கு வயிறு எரிந்திருக்கும்!

அந்த மூன்று ஆட்டங்களுக்கு 0 போட்டு நிரப்பாதீர்கள், காலியாக விடுங்கள். சீசன்களை ஒப்பிட மொத்தப் புள்ளியை எடுக்காமல் ஆட்டத்துக்கான சராசரியை எடுங்கள்: 2015-இல் தோல்வியே காணாத புரிராம் 84 எடுத்தும் சராசரி 2.47தான், முவாங்தோங்குக்கு 2.58.

அப்புறம் அட்டவணையில் கோப்பை வென்ற அணிக்கான நெடுவரிசையிலும் இதே சிக்கல் வரும். நாக்அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையில் அந்த ஆண்டு அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் கூட்டுச் சாம்பியன், ஆசியக் கிளப் அணிகள் மோதும் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இடம் மட்டும் குலுக்கலில் அவற்றில் ஒன்றான சுகோதாய்க்குப் போனது. அங்கே ஒரே பெயரைப் போட்டுவிடாதீர்கள்.