30 விழுக்காடு சரி, எதில் 30?

கேள்வி: சிங்கப்பூரில் சிறிய அளவில் வீடு புதுப்பிக்கும் குத்தகை வேலை செய்கிறேன். நண்பர் ஒருவர் பழைய காண்டோ வீட்டைத் தன் பெயரில் வாங்கிப் புதுப்பித்து விற்கப் பார்க்கிறார். கூலி, சாமான் என் பொறுப்பு. விற்றதும் லாபத்தில் 30 விழுக்காடு தருவதாகச் சொல்கிறார். 40 கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். அதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எதையெல்லாம் கழித்தபின் மிஞ்சுவது லாபம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுங்கள்.

1,200,000 வெள்ளிக்கு வாங்கி, 100,000 செலவழித்து, 1,450,000க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். பார்த்தால் 150,000 லாபம். ஆனால் வாங்கும்போதே 32,600 வெள்ளி முத்திரை வரி போய்விடும். 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்றால் விற்பவருக்கும் முத்திரை வரி உண்டு: முதல் ஆண்டில் 16 விழுக்காடு, பிறகு 12, 8, 4. அது லாபத்துக்கு அல்ல, விற்ற விலை முழுவதற்கும். மூன்றாம் ஆண்டில் விற்றால் 116,000. மிச்சம் 1,400 வெள்ளி! தரகர் கமிஷனும் வங்கி வட்டியும் இன்னும் கழிக்கவில்லை. இதில் 30 என்ன, 40 என்ன?

அதனால், என்னைக் கேட்டால், கூலியையும் சாமான் காசையும் வேலை நடக்க நடக்கப் பில் போட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் மார்ஜினை மட்டும் விட்டுவைத்து, அதற்கு ஈடாகப் பங்கு கேளுங்கள். பங்கு 20க்கு இறங்கினாலும் பரவாயில்லை. நான்கு ஆண்டு ஓடினாலும் உங்கள் ஆட்களுக்குச் சம்பளம் நிற்காது.

நண்பர் வீடு வாங்க மசேநிதியிலிருந்து (மத்திய சேமநிதி, சம்பளத்திலிருந்து சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) பணம் எடுத்தால், விற்கும்போது அசலோடு 2.5 விழுக்காடு வட்டியும் திரும்பக் கட்ட வேண்டும். அது அவருடைய கணக்குக்கே போகிற பணம். அந்த வட்டியைச் செலவில் சேர்ப்பேன் என்றால், நீங்கள் போட்ட காசுக்கும் வட்டி போடச் சொல்லுங்கள்.

பத்திரத்தில் உங்கள் பெயரையும் சேர்த்தால் பாதுகாப்பு என்று தோன்றும். உங்களுக்கு ஏற்கெனவே வீடு இருந்தால் அவசரப்படாதீர்கள். குடிமகனுக்கே இரண்டாவது வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி 20 விழுக்காடு. அதைவிட, வழக்கறிஞரை வைத்து ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். எந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது, எத்தனை ஆண்டு காத்திருப்பது, நட்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று அதில் இருக்கட்டும். நண்பர் வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்குள் கையெழுத்து ஆகிவிட வேண்டும்.