மரமேசை முதல் இரும்புச் சட்டி வரை: எளிமையான வீட்டுக்குச் சில பதில்கள்

கிராமத்து வீட்டின் எளிமையும் இன்றைய வசதியும் சேர்ந்தாற்போல் வீட்டை அமைக்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்த்துப் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, முழு மரத்தில் செய்த மேசை ஆறே மாதத்தில் நடுவில் பிளந்துவிட்டது. மரம் மட்டமா?

மரத்தைக் குறை சொல்லாதீர்கள், குனிந்து மேசையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காற்றில் ஈரம் கூடினால் பலகை அகலவாட்டில் உப்பும், குறைந்தால் சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவாக அசையாது. மேல்பலகையைச் சட்டத்தோடு அசையவிடாமல் திருகி இறுக்கியிருந்தால், சுருங்க வழியில்லாமல் பிளந்துவிடும். அந்தத் திருகுத் துளைகளைப் பலகையின் அகலவாட்டில் சற்று நீளமாக்கி, திருகு நகர இடம் விட்டு மறுபடி பூட்டுங்கள். பிளவு வளராது. புதிதாக வாங்குகிறவர்கள் அளவையும் பாருங்கள்: மேசை 75 செ.மீ. உயரம், இருக்கை 45 செ.மீ. இருந்தால் தொடை இடிக்காது. ஆளுக்கு 60 செ.மீ. அகலம் வேண்டும்.

வார்னிஷா, எண்ணெயா?

நான் எண்ணெய்ப் பக்கம்தான். வார்னிஷ் உரிந்தால் முழுவதும் சுரண்ட வேண்டும். எண்ணெய் பூசிய பலகையில் கறை பட்டால், அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசலாம். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள்! எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

பழசு போலத் தெரிய வேண்டுமென்று தேய்த்து விற்கும் அலமாரி வாங்கலாமா?

எனக்கு மனம் ஒப்பவில்லை. தேய்மானம் கை படும் இடத்தில்தான் வரும்: கைப்பிடியைச் சுற்றி, இழுப்பறையின் கீழ் விளிம்பில், கால் வைக்கும் நாற்காலிக் குறுக்குக் கட்டையில். நான்கு மூலையிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அது இயந்திரத்தின் வேலை. சாதாரண அலமாரியை வாங்கிப் புழங்குங்கள், தேய்மானம் தானாக வரும்.

சரக்கு வரும் மரத்தட்டுகளில் சோபா செய்யலாமா சார்?

செய்யலாம், முத்திரையைப் பார்த்துவிட்டு. 'HT' (எச்.டி.) என்றால் பூச்சி சாகச் சூடேற்றிய மரம், உள்மரம் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்திருக்கும். 'MB' (எம்.பி.) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதைத் தொடாதீர்கள். முத்திரையே இல்லாததும், ஏதோ சிந்திக் கறைபட்டதும் வேண்டாம்.

பழைய அலமாரியில் சிறு சிறு துளைகள். உளுத்ததா?

அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் பாருங்கள். வெளிர் நிறத்தில் புதுத்தூள் விழுந்தால் உள்ளே புழு இருக்கிறது. அதற்கு மருந்து போடாமல் மற்ற மரச்சாமான்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்க வேண்டாம்.

வார்ப்பிரும்புச் சட்டியைப் பழக்கினேன், பிசுபிசுவென்று ஒட்டுகிறது அக்காவுக்கும் எனக்கும். என்ன தப்பு?

எண்ணெய் அதிகம். கழுவி, அடுப்பில் ஈரம் போகச் சூடாக்கி, ஒரு சொட்டு எண்ணெயைத் தேய்த்து, பூசவே இல்லையோ என்று தோன்றும்வரை துடைத்தெடுங்கள். பிறகு ஓவன் அடுப்பில் கவிழ்த்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம். மூன்று தடவை செய்தால் கறுப்பு படியும்.

லினன் துணி முரடாக இருக்கிறதே?

துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிவிடும். திரை தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்துவிடுங்கள், சுருங்கும்.

சின்ன அறை, சாமான் அடைசலாக இருக்கிறது.

எளிமையாக வாழ்ந்த கிறித்தவப் பிரிவினரான ஷேக்கர் சமூகத்தார் அமெரிக்காவில் தங்கள் வீட்டுச் சுவர்களில் மர முளை வரிசை பதித்து, நாற்காலியைக்கூட அதில் மாட்டினார்கள். கூட்டுவதற்குத் தரை காலியாகிவிடும். கனமான பலகையை ஆள் உயரத்துக்கு மேல் பதித்து, 15 செ.மீ.க்கு ஒரு முளை வையுங்கள். செங்கல் சுவரில் துளையிட்டு, திருகைப் பிடிக்கும் சுவர் பிளக் வைத்துத் திருகுங்கள், ஆணி மட்டும் அடித்தால் பாரம் தாங்காது.