‘டிக்கெட் கிழிக்கிற வேலை’

உங்கள் மகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று என்னிடம் கேட்க, பெரம்பூரிலிருந்து போன சனிக்கிழமை நான்கு பேராக வந்திருந்தீர்கள். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் பேசியவர் உங்கள் மகளின் பெரியப்பா. “கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சார் சேஃப். இவ ஏதோ கிரிக்கெட் கம்பெனி, கச்சேரி கம்பெனிங்கிறா. கடைசியில கேட்ல நின்னு டிக்கெட் கிழிக்கத்தான் போறா” என்றார். கிளம்பும்போது நீங்கள் மட்டும் பின்தங்கி, “பயமா இருக்கு சார்” என்றீர்கள். பயப்படாதீர்கள் அம்மா என்று சொல்லி அனுப்பினேன். அது ஒப்புக்குச் சொன்னது. உங்கள் கைப்பையில் இருந்த வங்கிக் கடன் படிவத்தைப் பார்த்து நானும்தான் பயந்தேன்.

பெரியப்பா சொல்லும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கல்லூரி கேட்பது ஆண்டுக்கு 4 லட்சம். நான்கு ஆண்டுக்கு 16 லட்சம், வட்டி தனி. அதற்கு வீட்டுப் பத்திரத்தை வைக்கப் போகிறீர்கள். யாருக்காக? பிளஸ் டூ கம்ப்யூட்டர் வகுப்பில் மேஜைக்கு அடியில் வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்காக. அதை அவளே சொன்னாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். பள்ளி விளையாட்டு விழாவில் யார், எத்தனை மணிக்கு, எங்கே நிற்க வேண்டும் என்ற பட்டியல். கொண்டுவந்து காட்டினாள். பின்னால் இன்னொரு தாள் குத்தியிருந்தது: மழை வந்தால் என்ன செய்வது. இருபது வருடமாகப் பிள்ளைகளோடு பேசுகிறேன். யாரும் கேட்காமல் அந்த இரண்டாவது தாளை எழுதும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவளைக் கோடிங் எழுத உட்கார வைக்க 16 லட்சம் கடன் வாங்குவதற்கு நான் தலையாட்ட மாட்டேன்.

சரி, அவள் சொல்லும் வேலையில் மேலே போனவர்கள் எந்த வழியாகப் போனார்கள்? உலகின் மிகப் பெரிய இசை நிகழ்ச்சி நிறுவனமான லைவ் நேஷனை 2005 முதல் நடத்துபவர் மைக்கேல் ரபினோ. கனடாவில் தண்டர் பே என்ற ஊர்க்காரர், உள்ளூரில் இருக்கும் லேக்ஹெட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பிறகு ஒரு பீர் கம்பெனியின் மார்க்கெட்டிங்கில் வேலை பார்த்தார் (இதைப் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டாம்). 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது அதன் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்த சுந்தர் ராமன், விளம்பரங்களுக்கு டிவி நேரம் வாங்கும் துறையிலிருந்து வந்தவர். நம் ஊர் சென்னை சூப்பர் கிங்ஸின் தலைமைச் செயல் அதிகாரி காசி விஸ்வநாதன், அதற்கு முன் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். மூவரும் மூன்று வாசல் வழியாக வந்தவர்கள்.

விளையாட்டு வீராங்கனை, பி.டி. டீச்சர், பிசியோ, வர்ணனையாளர் பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். நம் வீடுகளில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத ஒரு வேலை இருக்கிறது. வெண்யூ ஆபரேஷன்ஸ் என்பார்கள். மைதானத்தையும் கூட்டத்தையும் நடத்துவது.

பெரியப்பா கேலி செய்த அந்த கேட்டையே எடுத்துக்கொள்வோம். ஒருவரைத் தடவிச் சோதித்து டிக்கெட்டை ஸ்கேன் செய்ய 6 நொடி ஆகிறது என்று வையுங்கள். ஒரு வரிசையில் நிமிடத்துக்கு 10 பேர், மணிக்கு 600 பேர். ஒரு ஸ்டாண்டுக்கு, அதாவது மைதானத்தில் பார்வையாளர்கள் உட்காரும் ஒரு பகுதிக்கு, வரவேண்டிய 6,000 பேரும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வருகிறார்கள் என்றால் 10 வரிசை போதும். ஆனால் வெயிலில் போன் திரை தெரியவில்லை, சிக்னல் இல்லை, பையில் தண்ணீர் பாட்டில். 6 நொடி 9 நொடியாகிறது. ஒரு வரிசையில் மணிக்கு 400 பேர்தான் உள்ளே போக முடியும். முதல் பந்து வீசும்போது 2,000 பேர் வெளியே நின்று கத்துகிறார்கள், பின்னால் வருபவர்கள் தள்ளுகிறார்கள். மூன்று நொடி செய்யும் வேலை இது. இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு 15 வரிசை திறந்து வைப்பவர்தான் ஆபரேஷன்ஸ் மேலாளர். கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வெளியே பார்த்தோம். நெரிசலில் 11 உயிர் போனது. நம் ஈ.சி.ஆரில் 2023 செப்டம்பரில் நடந்த இசை நிகழ்ச்சியில், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள்.

அப்புறம் அனுமதிகள். போலீஸ் பந்தோபஸ்து, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மாநகராட்சி, போடும் பாட்டுக்கு உரிமக் கட்டணம், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. காகித வேலைதானே என்று நினைக்காதீர்கள். சேப்பாக்கத்தில் புதிதாகக் கட்டிய ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் மூன்றும் அனுமதிச் சிக்கலால் 2012-லிருந்து பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. டிவியில் மேட்ச் பார்த்தவர்களுக்கு அந்தக் காலி இருக்கைகள் ஞாபகம் இருக்கும். மேட்ச் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போகலாம் என்று ஏற்பாடு செய்தார்களே, அதற்காக எத்தனை கூட்டங்களில் யாரெல்லாம் உட்கார்ந்து பேசியிருப்பார்கள்? மழை வந்தால் என்ன என்ற தாளும் இந்தத் துறையில் உண்டு. தீவுத்திடலைச் சுற்றி 2023 டிசம்பரில் நடக்க வேண்டிய கார் பந்தயம் மிக்ஜாம் புயலால் நின்று, 2024 ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. சாலையை மூடுவதிலிருந்து மறுபடி எல்லாம்.

உங்கள் மகள் செய்யவேண்டியது இது. அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். அல்லது பொருளாதாரம். மாநிலக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சேப்பாக்கம் மைதானம் நடந்து போகிற தூரம். முதல் வருடத்திலிருந்தே எங்கே ஆள் கேட்டாலும் தன்னார்வலராகப் போகட்டும்: நுங்கம்பாக்கம் டென்னிஸ், எழும்பூர் ஹாக்கி, ஜனவரி மாரத்தான். மார்கழியில் ஏதாவது ஒரு சபாவில் கதவருகே நின்றால்கூடப் போதும். பாஸ் இல்லாத வி.ஐ.பி.யைக் கோபப்படுத்தாமல் வெளியே நிறுத்துவது எப்படி என்று எந்தக் கல்லூரியும் சொல்லித் தராது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் எது சொதப்பியது என்று ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். எக்ஸெல் நன்றாகத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் தயங்காமல் போன் பேச வேண்டும். இந்தியும் கொஞ்சம் இருந்தால் நல்லது, பொருளும் ஆளும் சப்ளை செய்யும் வெண்டர்கள் பல ஊர்க்காரர்கள்.

ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோ என்று பளபளப்பான விளம்பரம் காட்டி லட்சக்கணக்கில் கேட்பவர்களும் உங்களுக்குப் போன் செய்வார்கள். அங்கேயும் இப்போது பணம் கட்டாதீர்கள். இரண்டு மூன்று வருடம் களத்தில் நின்ற பிறகு, மேற்படிப்பு தேவை என்று அவளுக்கே பட்டால், அவள் சம்பாதித்த பணத்தில் படிக்கட்டும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஆரம்பச் சம்பளம் குறைவு, பல வேலைகள் நாள் கூலி போலத்தான். சீசன் இல்லாத மாதங்களில் கை கடிக்கும். மேட்ச் முடிந்து அவள் வீடு வர நள்ளிரவு தாண்டும். இரவு வேலைக்கு வாசல் வரை வண்டி தருவோம் என்று எழுதிக் கொடுக்காத நிறுவனத்துக்கு அவளை அனுப்பாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரண்டு சீசன் நின்று பார்த்துவிட்டு ஒத்துவரவில்லை என்று அவளே சொன்னாலும் பட்டம் கையில் இருக்கும், பத்திரம் பீரோவில் இருக்கும். வங்கித் தேர்வு எழுதலாம், கணக்காளர் வேலைக்குப் போகலாம்.

படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று நம்புகிறேன். கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்ன என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். இந்த முறை பெரியப்பா வேண்டாம். போன ஐ.பி.எல். சமயத்தில் இரண்டு டிக்கெட் கிடைக்குமா என்று அவர் யாரிடமெல்லாம் கெஞ்சினார் என்பதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள்.